உப்பில்லாக் கஞ்சியும் உள்ளான் குருவியும்

முன்னொரு காலத்திலே, கடல் இப்போது இருப்பதைவிட ஒரு கூப்பிடு தூரம் தள்ளி இருந்த காலத்திலே, வெண்பாத்தி நாடு என்று ஒரு நாடு இருந்தது. எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். கதைக்கு நடுவில் கேள்வி கேட்டால் எனக்குக் கோபம் வரும். கடலோரத்தில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

அந்த நாட்டில் நெல் விளையாது, கரும்பு விளையாது. விளைந்ததெல்லாம் உப்பு. தை பிறந்ததும் சேற்றில் பாத்தி கட்டிக் காலால் மிதித்து இறுக்குவார்கள். கடல்தண்ணீரை முதல் பாத்திக்குள் விடுவார்கள். அது பாத்தி பாத்தியாக நகர்ந்து, காய்ந்து காய்ந்து, கடைசிப் பாத்திக்கு வரும்போது நாக்கில் வைத்தால் சுரீர் என்று இருக்கும். அங்கேதான் உப்பு பூக்கும். எல்லாப் பாத்தியையும் வாருவார்கள். ஓரத்தில் ஒரே ஒரு பாத்தியை மட்டும் வாராமல் விடுவார்கள். அது பறவைக்கு.

அந்த ஊரில் யார் வெளியூர் கிளம்பினாலும், வீட்டில் இருக்கிறவர் மூன்று கல் உப்பை எடுத்து அவர் நாக்கில் வைப்பார். வைக்கும்போது ஒரு சொல் உண்டு: "ஒரு கல் போக, ஒரு கல் இருக்க, ஒரு கல் திரும்பி வர." அதைக் கேட்காமல் அந்த ஊரில் ஒருவரும் படி தாண்டியதில்லை. விருந்தாளிக்கு உப்பில்லாமல் சோறு போடவும் மாட்டார்கள். உப்பில்லாச் சோறு செத்தவர்களுக்குப் படைப்பது. உயிரோடு இருக்கிறவருக்கு அதைப் போட்டால், போனவர் திரும்பும் வாசல் அடைந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை.

சரி, அந்த ஓரத்துப் பாத்திக்கு வந்த பறவை என்ன பறவை? உள்ளான். கொசு உள்ளான் என்பார்கள். சிட்டுக்குருவியின் காலைக் கொஞ்சம் இழுத்து நீட்டிவிட்டால் எப்படி இருக்கும், அவ்வளவுதான். உள்ளங்கையில் வைத்தால் ஒரு பிடி உப்பின் கனம்கூட இராது. கறுப்புக் கால், கறுப்பு மூக்கு, சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு. தண்ணீர் வடிந்த சேற்றில் ஓடும், குத்தும், ஓடும், குத்தும். ஓடி அலுத்தால் ஒற்றைக் காலில் நின்று தூங்கும். ஆயிரம் பறவை ஒன்றாக எழும்பித் திரும்பினால் வானம் ஒரு நொடி சாம்பலாக இருக்கும், மறுநொடி வெள்ளையாகிவிடும். ஆவணியில் வரும், சித்திரையில் போகும். எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

நாட்டை ஆண்டவர் வீரகேது மகாராஜா. அவருடைய ராணி மணிமொழிக்கு இந்தப் பறவை என்றால் உயிர். தினமும் சாயங்காலம் கோட்டை மதிலில் நின்று பார்ப்பாள். பறவை கிளம்புகிற நாளில் ஒரு பிடி உப்பைக் காற்றில் வீசி, "போய் வாருங்கள்" என்பாள். ராஜா பக்கத்தில் நின்று சிரிப்பார். அப்படிச் சிரித்த நாட்களை நினைத்து நினைத்து அவர் பின்னால் அழுதார் என்பது வேறு விஷயம். ஒரு சித்திரையில், பறவைகள் கிளம்பிய அதே வாரத்தில், காய்ச்சல் வந்து ராணியும் போய்விட்டாள்.

ராணி போனாள், பறவை போயிற்று, ராஜா தனியே நின்றார். ஆவணியில் பறவை திரும்பி வந்தது. ராணி திரும்பவில்லை. "இவை அவள் பார்த்த பறவைகள்" என்று சொல்லிச் சொல்லி, ராஜா மதிலிலேயே கிடந்தார். பங்குனி பிறந்தது. பறவைகள் இரண்டு மடங்கு தின்று கொழுத்தன. சாம்பல் முதுகு செங்கல் நிறமாகச் சிவந்தது. "முதுகு சிவந்தால் மூட்டை கட்டியாச்சு என்று அர்த்தம்" என்று ராணி சொல்வது ராஜாவுக்கு ஞாபகம் வந்தது. இவையும் போய்விடப்போகின்றன என்று அவருக்குப் புரிந்தது.

அந்த நேரம் பார்த்து அரண்மனைக்கு ஒருவன் வந்தான். அவன் பெயர் முடிச்சுமாயன். தாடி முழுக்க முடிச்சு. இடுப்பில் பனைநார்க் கயிறு. முடிச்சுப் போடத் தெரியும், அவிழ்க்கத் தெரியாது. அப்படிப்பட்டவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

"மகாராஜா, அந்தப் பறவைகளைப் போகாமல் நான் கட்டிப்போடுகிறேன்" என்றான்.

"வலிக்குமா?" என்று கேட்டார் ராஜா. நல்ல மனுஷன்தான் அவர்.

"ஓர் இறகு உதிராது. அவற்றின் வழியை மட்டும் உருவிக்கொள்வேன்."

"அதற்கு உனக்கு என்ன வேண்டும்?"

"இந்த நாட்டுக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு வேண்டும்."

ராஜா ஏதோ வண்டிப்பாதையையும் ஒற்றையடிப்பாதையையும் கேட்கிறான் என்று நினைத்தார். "எடுத்துக்கொள்" என்றார். கொஞ்சம் யோசித்திருக்கலாம். துக்கத்தில் இருக்கிறவனுக்கு யோசனை எங்கே வரும்?

ஆனால் ராஜாவின் வாக்கு மட்டும் மாயனுக்குப் போதாது. அந்த ஊரில் ஒரு வீடாவது, தானாக மனம் வந்து, அவனுக்கு உப்பில்லாமல் கஞ்சி ஊற்ற வேண்டும். அப்போதுதான் முடிச்சு இறுகும். அவன் திருவோட்டை எடுத்துக்கொண்டு உப்பளக்காரர் தெருவுக்குப் போனான்.

முதல் வீட்டில் கேட்டான். "உப்பில்லாமயா? யாருக்கு, பொணத்துக்கா?" என்று கதவைச் சாத்தினார்கள்.

இரண்டாம் வீட்டில் கேட்டான். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. நீயும் அங்கேயே போ" என்றார்கள்.

மூன்றாம் வீட்டில் அஞ்சலை இருந்தாள். அவள் புருஷன் சேந்தன் தோணிக்காரன். மாசியில் தோணி நிறைய உப்பை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனவன், சித்திரை முடிவதற்குள் வரவேண்டும். அவன் நாக்கில் மூன்று கல் உப்பு வைத்து அனுப்பிவிட்டு, தனியாக உப்பு வாரிக்கொண்டிருந்தாள்.

"தாயே, உப்பு பட்டா என் ஒடம்பு ஆகாது. மூணு நாளாப் பட்டினி" என்றான் மாயன். உதடு வெடித்திருந்தது. கண் குழி விழுந்திருந்தது.

அஞ்சலை தயங்கினாள். வழக்கம் கையைப் பிடித்து இழுத்தது. "என் புருசனும் இப்படித்தான் யார் வீட்டு வாசல்ல நிக்கிறாரோ" என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புதான் அவளை ஏமாற்றியது. "பசிச்ச வயித்தவிடவா வழக்கம் பெருசு?" என்று சொல்லிக்கொண்டே உப்பில்லாமல் கஞ்சியை ஊற்றினாள். இரக்கப்பட்டது தப்பா என்று கேட்டால், எனக்கே பதில் தெரியாது.

மாயன் கஞ்சியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். தெருமுனை தாண்டியதும் இடுப்புக் கயிற்றை எடுத்தான். ஒரு முடிச்சு போட்டான்: அது பறவையின் வழி. இரண்டாம் முடிச்சு போட்டான்: அது தோணியின் வழி. மூன்றாம் முடிச்சு போட்டான்: அது வீடு எந்தப் பக்கம் என்று மனசு அறிகிற வழி.

சித்திரை வந்தது. பறவைகள் எழும்பின, சுற்றின, வடக்கே பார்த்தன, தெற்கே பார்த்தன, திரும்பவும் சேற்றிலேயே இறங்கின. ராஜா மதிலில் நின்று கை தட்டினார். சித்திரை போயிற்று. தோணி ஒன்றும் வரவில்லை. சேந்தனும் வரவில்லை. தெருவே கடற்கரையில் வந்து நின்றது. நின்று நின்று கண் பூத்ததுதான் மிச்சம்.

வைகாசி பிறந்து மூன்றாம் நாள். உச்சிவெயில். அஞ்சலை உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டுவிட்டு, ஓரத்துப் பாத்தி வரப்பில் உட்கார்ந்து அழுதாள்.

"அழாதீங்கக்கா" என்று ஒரு குரல் கேட்டது.

சுற்றிலும் பார்த்தாள். ஆள் இல்லை. காலடியில் ஓர் உள்ளான் நின்றது.

"நீயா பேசின?"

"நான்தான். வழி போச்சு, வாய் வந்துச்சு. அந்தத் தாடிக்காரன் எங்க வழிய உருவிக்கிட்டான். வழி இருந்த எடத்துல இப்ப பேச்சுதான் இருக்கு. இதை வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?"

அஞ்சலைக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. அந்தத் துளிப் பறவைக்குத் துணுக்கு என்று பெயர் வைத்தாள். அன்றிலிருந்து துணுக்கு பேசியது, பேசியது, அப்படிப் பேசியது. அவ்வளவு நாள் பேசாததற்கெல்லாம் சேர்த்துப் பேசியது.

"எங்க ஊரு வடக்க இருக்குக்கா. வடக்க, வடக்க, இன்னும் வடக்க. அங்க மரமே கெடையாது. தரையெல்லாம் பாசியும் பூவும். இந்த மாசம் அங்க பனி உருகும். சூரியன் கீழ எறங்கி வரும், தரையத் தொடாம திரும்ப மேல போயிடும். ராத்திரியே இல்ல. கொசு மேகம் மேகமா எழும்பும். குஞ்சுங்களுக்குச் சாப்பாட்டுக்குக் கவலையில்ல."

"கூடு எதுல கட்டுவ, மரமே இல்லன்னா?"

"தரையிலதான். நெஞ்ச வச்சு அழுத்தி ஒரு குழி, குழிக்குள்ள ரெண்டு இலை. நாலு முட்டை. நாலும் கூர் முனைய உள்பக்கமா வச்சுக்கிட்டுப் படுத்திருக்கும். குஞ்சு பொரிச்ச அன்னிக்கே ஓடும். நாங்க பெரியவங்க முன்னாடி கெளம்பிடுவோம். அதுங்க றெக்கை முத்தினதும் பின்னாடி தனியா வரும்."

"அடிப்பாவி! பெத்த புள்ளைங்கள விட்டுட்டா வருவ? அதுங்களுக்கு யாரு வழி சொல்லுவா?"

"யாரும் சொல்ல வேண்டாம்க்கா. வழி முட்டைக்குள்ளயே இருக்கு." சொல்லிவிட்டுத் துணுக்கு சேற்றை ஒருமுறை குத்தியது. "இப்ப முட்டையே இல்லாம போயிடும் போலருக்கு. இந்த வைகாசிப் பௌர்ணமிக்குள்ள கெளம்பலன்னா, போயும் பிரயோசனமில்ல. அங்க கோடைங்கிறது ரெண்டு மூச்சு நேரம். குஞ்சு வளர்றதுக்குள்ள பனி விழுந்துடும்."

"எப்புடித்தான் உன் வழிய உருவினான் அவன்?"

"யாரோ ஒரு புண்ணியவதி அவனுக்கு உப்பில்லாமக் கஞ்சி ஊத்தினாளாம். அவன் கயித்தப் பாத்துப் பேசினது எங்க காதுல விழுந்துச்சு. அவன் நாக்குல உப்புப் படாத வரைக்கும் முடிச்சு அவிழாதாம்."

அஞ்சலைக்கு எல்லாம் புரிந்தது. பறவை போகாததற்கு அவள் காரணம். தோணி வராததற்கு அவள் காரணம். தன் கையாலேயே தன் புருஷன் வருகிற வாசலை அடைத்திருக்கிறாள். "நான்தான் துணுக்கு அது" என்று சொல்லி, வரப்பில் முகம் புதைத்துக் கதறினாள். துணுக்கு ஓடி வந்து அவள் சுண்டுவிரலை ஒருமுறை குத்திவிட்டு, பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டது. அதற்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே ராஜாவிடம் போனாள். "மகாராசா, பறவைங்களப் போக விடுங்க. அதுங்க போனாத்தான் எங்க ஆம்பளைங்க வருவாங்க. போனா அதுங்களும் திரும்பி வரும்" என்றாள்.

ராஜா மதிலை விட்டுத் திரும்பவில்லை. "போனால் திரும்பி வரும் என்று யார் சொன்னது, அஞ்சலை? அவள் திரும்பி வந்தாளா?"

அஞ்சலை கும்பிட்டுவிட்டு வந்தாள்.

ஆனால் ஒன்று இருந்தது. மாயன் தினமும் மத்தியானம் அவள் வீட்டுக்குத்தான் கஞ்சிக்கு வந்தான். அரண்மனைச் சமையற்காரன் எவ்வளவோ முயன்று பார்த்தான். அந்த ஊர்க்காரன் கை உப்பில்லாமல் அடுப்பில் எதையும் வைக்க மறுத்துவிட்டது. அஞ்சலை எதுவும் தெரியாதவள் போல இருந்தாள். பௌர்ணமிக்கு மூன்று நாள் இருந்தது.

முதல் நாள் கஞ்சியில் அரைச் சிட்டிகை உப்பைக் கரைத்து வைத்தாள். மாயன் வாசற்படியில் கால் வைக்கும்போதே மூக்கை உறிஞ்சினான். "மறந்துட்ட போலருக்கு தாயே" என்று சிரித்துக்கொண்டே கலயத்தைக் கவிழ்த்தான்.

இரண்டாம் நாள் கஞ்சி உப்பில்லாமல் இருந்தது. தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாட்டை வாழையிலையில் மடித்து வைத்தாள். மாயன் நாக்கில் எச்சில் ஊறியது. கை நீண்டது. மூக்கு அவனைக் காப்பாற்றியது. கருவாட்டைத் தூக்கிப் பூனைக்குப் போட்டான். போடும்போது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே, பாவம்! இரண்டு மாதமாக வெறும் கஞ்சி. பூனை தின்று முடிக்கிற வரை நின்று பார்த்துவிட்டுப் போனான்.

அஞ்சலை அதைப் பார்த்தாள். ஓடிப்போய்த் துணுக்கிடம் சொன்னாள்: "அவனுக்கு நாக்கு செத்துப்போச்சு துணுக்கு. எதையாவது கடிச்சுத் திங்கணும்னு தவிக்கிறான். உங்க ஊர்ல கூட்டுப் பக்கம் நரி வந்தா என்ன பண்ணுவ?"

"றெக்கை ஒடிஞ்ச மாதிரி தரையில இழுத்துக்கிட்டு ஓடுவேன். சுலபமாக் கெடச்சுதுன்னு நரி பின்னாடியே வரும். கூட்ட விட்டுத் தூரமாக் கூட்டிட்டுப் போயி, பறந்துடுவேன்."

"அதை நாளைக்கு இங்க செய்யி."

துணுக்கு தலையைச் சாய்த்தது. "அது நெனச்சா வர்றதில்லக்கா. பின்னாடி குஞ்சு இருந்தாத்தான் றெக்கை தானா விழும். இங்க எனக்கு என்ன இருக்கு?"

அஞ்சலை வடக்கே கை காட்டினாள். "நாலு இருக்கு. பொறக்காமக் காத்துக்கிட்டு இருக்கு" என்றாள்.

துணுக்கு வடக்கே பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. அதன் இடது சிறகு மெல்ல, தானாகவே, தரையில் சரிந்தது.

மூன்றாம் நாள் காலையில் அஞ்சலை கடைசிப் பாத்தியின் வரப்பில் தண்ணீர் ஊற்றி, களிமண்ணைக் குழைத்து, காலால் மிதித்து வழவழவென்று ஆக்கினாள். தை மாதம் பாத்தி மிதிக்கிற கால் அது. அந்தக் கால் மிதித்த களியில் பாம்பு ஊர்ந்தால்கூட வழுக்கும்.

மத்தியானம் மாயன் வந்தான். கஞ்சி குடித்தான். திரும்பிப் போகிற வழியில், முதல் பாத்தி வரப்பில், ஓர் உள்ளான் சிறகை இழுத்துக்கொண்டு கீச் கீச்சென்று தடுமாறியது. இரண்டு மாதம் தின்று கொழுத்த பறவை. மாயன் மதிலைப் பார்த்தான். ராஜா தலை தெரியவில்லை. 'ஒன்றே ஒன்று. சுட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?' என்று நினைத்தான்.

ஓர் எட்டு வைத்தான். பறவை ஓர் எட்டு நகர்ந்தது. கையை நீட்டினான். பறவை இரண்டு எட்டு நகர்ந்து விழுந்தது. குனிந்தான். அது உருண்டது. "ஏ குட்டி, நில்லு, நில்லு" என்று கொஞ்சிக்கொண்டே ஓடினான். முதல் பாத்தி தாண்டியது, நடுப்பாத்தி தாண்டியது, கடைசிப் பாத்தி வந்தது. துணுக்கு வரப்பின் நடுவில் அசையாமல் படுத்தது. மாயன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாய்ந்தான். பறவை விர்ரென்று எழும்பியது. மாயன் கால் சர்ரென்று வழுக்கியது. தாடியும் முடிச்சுமாக, தலைகுப்புற, நாடே உப்பெடுக்கும் பாத்தியில் விழுந்தான். "ஐயோ" என்று கத்த வாயைத் திறந்தான். அங்கேதான் கெட்டான். வாய் நிறைய உப்புத்தண்ணீர்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அந்த மண்ணின் உப்பைத் தின்றவன் அந்த மண்ணுக்குக் கேடு நினைக்க முடியாது. மூன்றாம் முடிச்சு முதலில் அவிழ்ந்தது. மாயன் பாத்தியில் உட்கார்ந்தபடியே தேம்பித் தேம்பி அழத் தொடங்கினான்.

"எங்க வீட்டு வாசல்ல நொச்சி வேலி இருக்கும். எங்க அக்காதான் எனக்குச் சோறு போடுவா. ஒரு நாள் கொழம்புல உப்பில்லன்னு தட்ட எத்திட்டு வெளிய வந்தவன்தான். அக்கா தெருமுனை வரைக்கும் கையில உப்ப வச்சிக்கிட்டு, 'இந்தாடா, போட்டுக்கடா'ன்னு ஓடி வந்தா. நான் திரும்பிப் பாக்கல. இனிமே உப்பையே தொடமாட்டேன்னு சபதம் பண்ணி, தாடியில மொத முடிச்சு போட்டேன். நாப்பது வருசம் ஆச்சு."

அஞ்சலைக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். அவன் இடுப்புக் கயிற்றில் இரண்டாம் முடிச்சு அவிழ்ந்தது. கடலில் வெகுதூரத்தில் ஒரு பாய் தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் பத்து.

துணுக்கு அவள் தோளில் வந்து உட்கார்ந்தது. "அக்கா, மொத முடிச்சும் நெகிழுது. எனக்குள்ள என்னமோ வடக்க இழுக்குது. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிடறேன். அந்தப் பாத்திய எப்பவும் வாராதீங்க. சேத்துப் புழு இங்கதான் ருசி. அப்புறம் எம் புள்ளைங்க தனியா வரும், பயந்த சுபாவமா இருக்கும், வெரட்டாதீங்க. அப்புறம், நான் போய்..."

முடிச்சு அவிழ்ந்துவிட்டது. வழி வந்தது, வாய் போயிற்று. துணுக்கு அவளைப் பார்த்து "கீச்" என்றது. அவ்வளவுதான் அதற்கு வந்தது.

"வா" என்று அது விட்ட சொல்லை முடித்தாள் அஞ்சலை. "போய் வா, என் கண்ணு." ஒரு துளி உப்பை எடுத்து அதன் மூக்கு நுனியில் வைத்தாள். "ஒரு கல் போக, ஒரு கல் இருக்க, ஒரு கல் திரும்பி வர."

மாயனுக்கும் மூன்று கல் வைத்தாள். "நாப்பது வருசம் கழிச்சு யாரு இருப்பா?" என்று கேட்டான். "போய்ப் பாருங்கண்ணே. உப்ப கையில வச்சிக்கிட்டு நிக்கிறவங்க லேசுல உள்ள போயிட மாட்டாங்க" என்றாள். அவன் நடந்தான். போகப் போக அவன் தாடியில் முடிச்சு ஒவ்வொன்றாக அவிழ்ந்துகொண்டே போயிற்று.

தோணிகள் கரை சேர்ந்தன. சேந்தன் இறங்கி, முழங்கால் தண்ணீரில் அப்படியே நின்றான். "ஒம் மொகம் மறக்கல புள்ள. நீ எந்தப் பக்கம் இருக்கன்னுதான் மறந்துபோச்சு. தினமும் பாயக் கட்டுவேன், தினமும் அவுப்பேன்" என்றான். அஞ்சலை தான் செய்த தப்பையெல்லாம் அழுதுகொண்டே சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "மொதல்ல சோறு போடு. உப்பு போட்டுப் போடு" என்றான்.

ஆயிரம் பறவையும் எழும்பின. வானம் ஒரு நொடி சிவப்பு, ஒரு நொடி வெள்ளை. மதிலில் ராஜா ஓடி வந்து நின்றார். வீரர்களைக் கூப்பிட வாயெடுத்தவர், கரையில் புருஷன்மார் தோளில் சாய்ந்து அழுகிற பெண்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு பிடி உப்பைக் கொண்டுவரச் சொன்னார். ராணிக்குக் கடைசியில் அவர் சொல்லாமல் விட்ட வார்த்தை ஒன்று ஒரு வருஷமாக மிச்சம் இருந்தது. உப்பைக் காற்றில் வீசி, "போய் வாருங்கள்" என்றார். அவர் அதை யாருக்குச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

ஆனி போயிற்று, ஆடி போயிற்று. ஆவணியில் பெரிய பறவைகள் வந்தன. ஆயிரத்தில் துணுக்கு எது என்று யார் கண்டார்கள்? எதுவும் பேசவில்லை. எல்லாம் ஓடின, குத்தின, ஓடின, குத்தின. அஞ்சலை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துக் கண் வலித்துத் திரும்புவாள்.

புரட்டாசியில் ஒரு காலை. ஓரத்துப் பாத்தியில் புதிதாக நான்கு பறவைகள் நின்றன. சின்னவை. முதுகில் வெள்ளைக் கோடு அழியாத இளம் பறவைகள். ஆள் நடமாட்டம் பார்த்துப் பழகாதவை. அஞ்சலை மூச்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். அப்போது பின்னால் காலடி கேட்டது. ராஜா, கிரீடம் இல்லாமல், சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"அஞ்சலை, இவை இதற்குமுன் இங்கே வந்ததுண்டா?"

"இல்ல மகாராசா. வடக்க பனி விழுற நாட்டுல ரெண்டு மாசத்துக்கு முன்ன பொறந்ததுங்க. கூட யாரும் வரல."

"அவள் இவற்றைப் பார்த்ததே இல்லையே. இவையும் அவளைப் பார்த்ததில்லை."

"பாத்ததில்ல. ஆனாலும் வந்துருக்கு, மகாராசா."

ராஜா வரப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான்கில் ஒன்று ஓடி வந்தது. அஞ்சலையின் சுண்டுவிரலை ஒருமுறை குத்திவிட்டு, பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டது. ராஜாவும் அழுதார், அஞ்சலையும் அழுதாள். பறவை தூங்கிவிட்டது.

வெயில் ஏறியதும் அஞ்சலை கலயத்தில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். ராஜா ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உப்பு சரியாக இருக்கிறது" என்றார்.

கதை கரை சேர்ந்தது. நீங்களும் எழுந்து வீட்டுக்குக் கிளம்பலாம். ஆனால் போகிறேன் என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். போய் வருகிறேன் என்று சொல்லுங்கள்.